கயிறு கட்டாத சர்புன்னிசா

திருச்செங்கோட்டில் சர்புன்னிசாவின் கணவர், காய்ச்சல்காரர்களுக்கு ஓதிக் கயிறு கட்டுவார். அவர் இறந்தபின் ஜனங்கள் இவளைத் தேடி வந்தார்கள்; இவளும் ஓதிக் கட்டிவந்தாள்.

"ஓதி ஊதலாம்மா. கயிறு காக்கும்னு நம்புனா அது அல்லாவுக்கு இணை வெக்கிறது" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னதும் கயிற்றை விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம், போர்வெல் போடும் ரிக் லாரி டிரைவரின் மனைவி பிரின்சி, காய்ச்சலில் துவண்ட மகளைத் தூக்கிவந்து, "கயிறு கட்டியுடுங்க பாயம்மா" என்று அழுதாள்.

சர்புன்னிசா ஃபாத்திஹா ஓதி ஊதினாள். பிறகு தானே ஆட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டெங்கு என்றார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

வீடு திரும்பியதும் பிரின்சி மறுபடி வந்தாள். "இனி ஒண்ணும் வராம இருக்க ஒரு கயிறு மட்டும் கட்டுங்க."

"கயித்துல ஒண்ணுமில்ல கண்ணு. காப்பாத்துறவன் அல்லாதான்."

பிரின்சி முகம் சுண்டித் திரும்பிப் போய்விட்டாள். அன்று தொழுதபின் சர்புன்னிசா அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி நெடுநேரம் கையேந்தியிருந்தாள்.