ஒரு சாண் முன்னால்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லி தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டும் ஷெல்லி ராடிச், இருபது வருடம் கழித்து அந்தப் பழைய ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை மறுபடி திறந்தாள். எதிரே சிட்னியிலிருந்து அதே டேரன். அந்தக் காலத்தில் அவளை ஒரு நாள்கூட ஜெயிக்க விடாதவன்.

முதல் பத்துத் தோட்டாக்களும் காற்றோடு போயின.

"என்ன ஷெல்லி, கண்ணாடி போடலயா?" ஹெட்போனில் டேரன் சிரித்தான்.

அவள் பல்லைக் கடித்தாள். கண்ணில் குறையில்லை, கைதான் பழசை மறக்கவில்லை. அன்று டெலிபோன் வயரில் வந்த இணையம் ஆமையாய் நகரும். விளையாட்டின் சர்வர் டேரனுக்குப் பக்கத்தில், சிட்னியில்; அவள் சுட்டது பாலைவனம் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் அவன் நகர்ந்திருப்பான். அதனால் அவன் ஓடும் திசையில் ஒரு சாண் முன்னால் சுடுவாள். கல்கூர்லியில் எல்லோரும் அப்படித்தான் சுடுவார்கள். இப்போதோ வீட்டில் ஃபைபர் இணைப்பு, சுட்டது கண்ணிமைக்கும் முன் போய்ச் சேர்ந்துவிடும்!

ஷெல்லி ஆளையே குறிவைத்தாள். டேரன் விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். இருபதுக்குப் பதினாறு என்று ஜெயித்துவிட்டு, சமையலறை வரை ஆடிக்கொண்டே போய் வந்தாள்.

"அடிப்பாவி, திடீர்னு எப்படி?"

"அப்பல்லாம் நீ பெரிய சூரன்னு நெனச்சேன்டா. சூரன் நீ இல்ல, உன் லைனு!"