நாலாவது ஆமென்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், முதல் வரியிலேயே மகன் பெயர் வந்து நிற்கும், நோட்டை மடக்கி வைத்துவிடுவேன். நான் பெரிய படிப்புப் படித்தவனும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்று, வளைகுடா நாட்டில் டிரைவராகக் காலம் கழித்துவிட்டு, இப்போது தடிக்காரன்கோணத்துக்கு மேலே கொஞ்சம் ரப்பர் மரமும் ஒரு பழைய வண்டியுமாக இருக்கிறவன். பேய், ஆவி என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடம் கிடையாது. மரித்தவர்கள் கர்த்தருக்குள் உறங்குகிறார்கள், அவர்கள் எழுந்து நடமாடுவதில்லை என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அப்படியென்றால் நீ சொல்லப்போவது என்ன என்று நீங்கள் கேட்கலாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன். நம்புகிறதும் விடுகிறதும் உங்கள் இஷ்டம்.

முதலில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது. எங்கள் பக்கத்தில் வண்டி எடுக்கும்முன் ஜெபம் பண்ணுவது எல்லாரும் செய்கிறதுதான். நான் அதோடு ஒன்றைச் சேர்த்திருந்தேன். சீட் பெல்ட் போட்டவர்கள்தான் ஆமென் சொல்ல வேண்டும். நான் ஸ்டியரிங்கில் கை வைத்து ஜெபித்து ஆமென் சொல்வேன், பிறகு என் வீட்டுக்காரி, பிறகு மகள் பிரின்சி, கடைசியாக மகன் ஜெபின். நாலாவது ஆமென் காதில் விழுந்தால்தான் சாவியைத் திருப்புவேன். இது பாலைவனத்தில் ஓட்டின காலத்தில் வந்த பழக்கம். பின்னால் திரும்பிப் பார்க்காமலே எல்லாரும் பெல்ட் போட்டாயிற்று என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஜெபின் வேண்டுமென்றே கடைசியில் இழுப்பான். பாடகர் குழுவில் கீழ்ச்சுரம் பாடும் பெரியவர்கள் மாதிரி தொண்டையை அடக்கி, "ஆ…மென்" என்று அவன் இழுக்க, அக்காள் சிரித்துவிடுவாள், எனக்குக் கோபம் வரும்.

"லேய், பெல்ட்டு போட்டியா?"

"ஆமென் சொல்லியாச்சி இல்லியா, எடுங்கப்பா. நீங்க ஒட்டகம் ஓட்டுத மாதிரி போறதுக்குள்ள கல்யாண வீட்டுல சோறு தீந்துரும்."

அநேக நாள் அவன் பெல்ட் போட்டிருக்க மாட்டான். ஆமென் மட்டும் சொல்லியிருப்பான். வளைவில் கண்ணாடியில் பார்த்தால் பெல்ட் சீட்டோடு ஒட்டிச் சும்மா தொங்கும். "தேவனுக்கு முன்னால பொய் ஆமென் சொல்லாத மக்கா" என்பேன். சிரிப்பான்.

எங்கள் வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற வகை. ஊருக்குத் திரும்பியபோது பழையதாகப் பார்த்து வாங்கினேன். சேறும் சரளையுமான எங்கள் மலைப்பாதைக்கு அது நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வகை வண்டியில் ஒரு மயக்கம் உண்டு. ஏற்றத்தில் வழுக்காமல் ஏறுகிறதே, அதனால் இறக்கத்திலும் நிற்கும் என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். இழுக்கிறதற்கு நாலு சக்கரமும் உதவும், நிறுத்துகிறதற்கு அந்த இழுவை ஒன்றும் செய்யாது. நனைந்த ரோட்டில் பிரேக் மிதித்தால் இதுவும் மற்ற வண்டி மாதிரியே சறுக்கும், கனம் கூடுதல் என்பதால் இன்னும் தூரம் போகும். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கு, முன்னால் போகிற வண்டிக்கு இடம் விடு, ஓடுகிற தண்ணீரில் மட்டும் இறக்காதே. இதைப் பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்லியிருக்கிறேன்.

ஜெபின் உயிர் போனதும் அப்படிப்பட்ட வண்டியில்தான். அவனோடு சுற்றுகிற கூட்டுக்காரன் ஒருவன் புதிதாக எடுத்த வண்டி, மழையில் பேச்சிப்பாறைக்குப் போயிருக்கிறார்கள். வளைவில் பிரேக் மிதித்தும் நிற்காமல் ரப்பர் மரத்தில் போய் மோதியது. பெல்ட் போட்டிருந்த பையன்கள் காயத்தோடு தப்பினார்கள். பின்சீட்டில் இடது ஓரம் உட்கார்ந்திருந்த என் மகன் மட்டும் வெளியே விழுந்து கிடந்தான். அடக்கத்துக்கு அந்தக் கூட்டுக்காரன் தலையில் கட்டோடு வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

"அவன்தான் அங்கிள் ஜெபம் பண்ணினான். உங்க வீட்டுல செய்யுதது மாதிரி எல்லாரையும் ஆமென் சொல்லச் சொன்னான். அவனும் சொன்னான் அங்கிள்."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பிறகு எங்கள் வண்டியில் சத்தமாக ஜெபிப்பது நின்றுபோனது. மூன்று ஆமென் வந்ததும் நாலாவதுக்கு என் காது தானாகக் காத்திருக்கும், அதைத் தாங்க முடியாமல் மனசுக்குள்ளேயே ஜெபித்துக்கொண்டு எடுப்பேன். பின்சீட்டின் இடது ஓரத்தில் யாரும் உட்காருவதில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதும் இல்லை.

பிரின்சிக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை வெளிநாட்டில், தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் இன்னும் இருந்தது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டால் மழையில் மேலே வர நேரமாகும் என்றார்கள். காத்திருக்கிற நிலையில் அவள் இல்லை. நானே எடுக்கிறேன் என்று வண்டியைத் திருப்பி முற்றத்தில் நிறுத்தினேன். பின்சீட்டில் எனக்கு நேர் பின்னால் பிரின்சி. நடுவில் அவள் அம்மா. பிரின்சியின் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கி நானே மாட்டினேன். அந்த நெருக்கடியிலும் வீட்டுக்காரி இடது ஓரத்துக்கு நகரவில்லை.

அன்று மனசுக்குள் ஜெபிக்க வரவில்லை. வாய் திறந்து கத்தித்தான் ஜெபித்தேன். "என் பிள்ளையையும் அவ பிள்ளையையும் காப்பாத்தும் ஆண்டவரே, ஒண்ண எடுத்துட்டீர், இன்னொண்ண கேக்காதேயும்" என்று சொன்னதாக ஞாபகம். ஆமென் என்றேன். வீட்டுக்காரி ஆமென் என்றாள். பிரின்சி பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் என்றாள்.

பிறகு இடது ஓரத்திலிருந்து, தொண்டையை அடக்கி, இழுத்து, "ஆ…மென்."

மழைச் சத்தம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ரப்பர் இலையில் மழை கொட்டுகிற சத்தம் ஆமென் மாதிரிக் கேட்காது. என் கை சாவியைத் திருப்பிவிட்டது, அத்தனை வருஷப் பழக்கம். கண்ணாடியில் பார்க்கத் துணிவு வரவில்லை. பிரின்சி அழுவதுகூட ஒரு நிமிஷம் நின்றது.

இறக்கம் முழுக்கச் சின்ன கியரில்தான் இறங்கினேன். கீழே ஆற்றைத் தாண்ட ஒரு சப்பாத்து உண்டு. வெயில் காலத்தில் ஜனங்கள் துணி துவைக்கிற, தாழ்ந்த சின்னப் பாலம். அதைத் தாண்டினால் நாகர்கோவில் ரோடு பக்கம். இல்லையென்றால் மலையைச் சுற்றிப் பெரிய பாலம் வழியாகப் போக வேண்டும், வெகுதூரம். அன்று சப்பாத்துக்கு மேலே செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நட்ட கல்லின் தலை மட்டும் தெரிந்தது.

ஓடுகிற தண்ணீரில் இறக்கக் கூடாது. சக்கரம் தரையை விட்டால் நாலும் இழுத்து என்ன பிரயோஜனம், வண்டி படகாகிவிடும். ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்தான். ஆனால் பிரின்சி பின்னாலிருந்து, "அப்பா, எனக்கு முடியல, சீக்கிரம் போங்கப்பா" என்று அலறினாள்.

"இஞ்ச பாருங்க, போயிரலாமா?" என்றாள் வீட்டுக்காரி. "கல்லு தெரியுது இல்லியா?"

"போயிரலாம்ட்டீ. இந்த வண்டி இழுத்துரும்."

என் வாயால் நான்தான் அதைச் சொன்னேன். மயக்கம் என்று மேலே எழுதினேனே, அது அந்த நேரத்தில் எனக்கும் வந்தது. முன்சக்கரம் தண்ணீரைத் தொடுகிற இடத்தில் நிறுத்தி, இறங்கும்முன் இன்னொரு சின்ன ஜெபம் பண்ணினேன். ஆமென். வீட்டுக்காரி ஆமென். பிரின்சி ஆமென்.

நாலாவது வரவில்லை.

பிரேக்கில் கால் வைத்தபடியே காத்திருந்தேன். வீட்டில் சொன்னவன் இங்கே ஏன் சொல்லவில்லை? ஆற்றுச் சத்தம் மட்டும்தான். "மக்கா" என்றேன், சத்தமாகவே கூப்பிட்டேன். "மக்கா, நேரமாவுதுல." பின்னாலிருந்து வீட்டுக்காரி தேம்புவது கேட்டது. எல்லாருடைய ஆமெனும் வராமல் நான் ஒருநாளும் வண்டி எடுத்ததில்லை, அவன் போன பிறகு அந்தக் கணக்கே வேண்டாம் என்று விட்டிருந்தேன், ஆனால் அன்று அவன் வந்துவிட்டானே, வந்தவனை விட்டுவிட்டு எப்படி எடுப்பது? கால் பிரேக்கை விட்டு வரவில்லை. கடைசியில் ரிவர்ஸ் போட்டு, திருப்பி, சுற்று வழியில் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பிரின்சியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள், அம்மாவும் கூடவே ஓடினாள். அவசரத்தில் வண்டிக் கதவெல்லாம் திறந்து கிடந்தது. சாத்தப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். இடது ஓரத்து பெல்ட் மாட்டியிருந்தது. கொக்கி பூட்டில் சரியாக இறங்கியிருந்தது. பட்டை சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் நெஞ்சுக்கு நேரே எப்படி முன்தள்ளி நிற்குமோ, அப்படி நின்றது.

நான் என்ன நினைத்தேன் என்று தெரியாது. கை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். வழக்கமாக டக்கென்று சுருண்டு உள்ளே போகிற பட்டை, யாரோ கையில் பிடித்து விடுகிற மாதிரி மெல்ல மெல்லப் போய் ஒடுங்கியது.

பேரன் பிறந்தான். அழவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வீட்டிலேயே துடிப்புக் குறைந்திருக்கும் என்றார் ஒரு நர்ஸம்மா, என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரோ என்னவோ. என் மகள் பிழைத்தாள். பேரனை ஜெபினுக்குப் பக்கத்தில் அடக்கம் பண்ணினோம்.

வெள்ளம் வடிந்த பிறகு சப்பாத்தைப் போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு துண்டு இல்லை. இரண்டு பக்கக் கல்லும் அப்படியே நின்றன, இடையில் தளம் மட்டும் போயிருந்தது. எப்போது போனது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் வந்து நின்றபோது இருந்ததா, இல்லையா? இருந்திருந்தால் பேரன் பிழைத்திருப்பானா? இதை நான் கேட்காத நாள் இல்லை. போதகரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார்.

வீட்டில் நாங்கள் இதைப் பேசிக்கொள்ளவே இல்லை. நாள் கழித்து ஒருநாள் பிரின்சிதான் கேட்டாள். "அப்பா, அன்னைக்கு ஆத்தங்கரையில தம்பி ஆமென் சொல்லல இல்லியா?" நான் தலையாட்டினேன். அப்போது வீட்டுக்காரியிடம் கேட்டேன், "அந்தப் பக்கத்து பெல்ட்ட நீ மாட்டினியா?"

"நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல," என்றாள். "பயந்துட்டு இல்ல. திரும்பினா இல்லாம போயிருவானோன்னுதான்."

அவள் திரும்பாமல் காத்தவனை நான் பொத்தானை அழுத்தி இறக்கிவிட்டேன். அதன் பிறகு நாலாவது ஆமென் வந்ததே இல்லை. மெக்கானிக்கிடம் காட்டினேன், பெல்ட்டில் ஒரு கோளாறும் இல்லை, நல்லா சுருளுது என்றான். கர்த்தர் பிறகு பிரின்சிக்கு ஒரு பெண் குழந்தையைக் கொடுத்தார், அவளுக்குத் தனிச் சின்ன சீட் போட்டிருக்கிறேன். இப்போது மறுபடியும் சத்தமாகத்தான் ஜெபிக்கிறோம். எல்லாரும் சொன்ன பிறகும் நான் சாவியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு நிற்கிறேன். "பாட்டா, எல்லாரும் சொல்லியாச்சி, எடுங்க" என்று பேத்திதான் விரட்டுகிறாள்.

இதைப் படித்தவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், வண்டி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். அவன் உருவம் தெரிந்தது என்று சேர்க்காதீர்கள், தெரியவில்லை. பேரன் பிழைத்தான் என்று மாற்றாதீர்கள். என் மகன் அன்று பெல்ட் போட்டிருந்தான் என்பதை விட்டுவிடாதீர்கள். அதை நான்தான் கழற்றினேன் என்பதையும்.