தும்மல் இருமலான கதை

நான் எழுதிய முதல் நாடகத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருடைய பல்லக்கு தெருவில் போகும்போது குடிமக்கள் யாரும் தும்மக் கூடாது. பானை செய்கிறவன் ஒருவன் தும்மிவிடுகிறான். அவனைப் பிடித்துக்கொண்டு போய் அரசவையில் விசாரிக்கிறார்கள். இவ்வளவுதான் கதை.

அப்போது எனக்குத் தேனாம்பேட்டையில் கணக்கு அலுவலகத்தில் வேலை, மயிலாப்பூரில் வீடு. தொண்ணூறுகளில் அண்ணா சாலையில் தினமும் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், திடீரென்று போலீஸ்காரர் கையை நீட்டுவார், எல்லாம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து கார்கள் வரிசையாகப் பறக்கும். யார் போனார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பத்து வருஷத்தில் ஆட்சி மாறி மாறி வந்தது, எங்கள் பஸ் நிற்பது மட்டும் மாறவில்லை. அப்படி நின்ற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து யோசித்ததுதான் அந்த நாடகம். எழுத்தாளராக என்னை உருவாக்கியதில் போக்குவரத்துக் காவலுக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் தெருவில் ஒரு வங்கி அதிகாரி அமெச்சூர் நாடகக் குழு வைத்திருந்தார். அவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் கொடுத்தேன். ஒரே மூச்சில் படித்தார்.

"பேஷா இருக்கும்மா. போலீஸ்ல காமிச்சு அனுமதி வாங்கிண்டு வந்துடலாம்."

"போலீஸா? எதுக்கு மாமா?"

"நாடகம்னா எழுதினதை அங்க காமிக்கணும். வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

எனக்கு ஒரே குஷி. நான் படித்த கதைகளில் கொடுங்கோல் அரசுகளுக்குக் காது கூர்மை. நீ ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்பதுவரை ஒற்றன் போய்ச் சொல்லிவிடுவான். நம்முடைய அரசுக்கோ ரேஷன் கார்டில் என் அப்பா பெயரைச் சரியாக எழுதவே பல வருஷம் ஆனது. இப்படிப்பட்ட அரசு என் நாடகத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கும் என்ற கவலை எனக்கு இருந்தது. கண்டுபிடிக்கவே வேண்டாம், நாமே இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது.

எங்கள் நாடகத்தைப் படிக்க அமர்ந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர். கடுமையான ஜலதோஷம். மேஜையில் ஒரு தைலக் குப்பி, பக்கத்தில் ஈரமான கைக்குட்டை. முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இந்த ராஜா யாரு?"

"கற்பனை ராஜா சார்," என்றார் மாமா.

"கற்பனைதான். யாரை நெனச்சு கற்பனை பண்ணீங்க?"

"யாரையும் நெனைக்கலை சார்."

"யாரையும் நெனைக்காம எப்படிங்க கற்பனை வரும்?" என்று என்னைப் பார்த்தார். நியாயமான கேள்வி. எனக்கு இன்றுவரை பதில் தெரியாது.

"எந்த ஊர் ராஜா?"

"ஊர் பேரே போடலை சார்."

"அதான் பிரச்சனை. பேர் போடலைன்னா நம்ம ஊருன்னு நெனச்சுப்பாங்க. தூரமா ஒரு ஊர் போடுங்க."

"காஷ்மீரம்?" என்றார் மாமா.

அதிகாரி பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "வேண்டாங்க."

"சிங்களம்?"

"சார், நீங்க நாடகம் போட வந்தீங்களா, என்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்த வந்தீங்களா?"

கடைசியில் ராஜாவை ஏழு கடல் தாண்டிக் குடியேற்றினோம். அதிகாரி மேலே படித்தார். தும்மல் உத்தரவு வரும் பக்கத்தில் அவருக்கே தும்மல் வந்தது. அடுத்தடுத்து, அறையே அதிரும்படி. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பே இல்லாமல், "இந்தத் தும்மலை எடுத்துடுங்க" என்றார்.

"கதையே அதுதானே சார்," என்றேன்.

"புரியுதும்மா. ஆனா மேல ஒருத்தருக்குத் தும்மல் தொந்தரவு இருக்குன்னு பேசிக்கிறாங்க. குத்திக் காட்டுற மாதிரி ஆயிடும். இருமலா மாத்திக்கங்க."

மேல யார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் சொந்தமாகக் கற்பனை செய்த ஒரே விஷயம் தும்மல்தான். அதை வெட்டிவிட்டார். கண்ணால் பார்த்து எழுதிய இரண்டு காட்சிகள் உண்டு. ராஜாவின் பல்லக்குக்காக ஊரை நிறுத்தி வைக்கும் காட்சி ஒன்று. ராஜாவுக்கு வைத்த கட் அவுட்டின் நிழலில் யார் வீட்டு வடாமும் காயாமல் போகிற காட்சி இன்னொன்று. அவற்றின் மேல் அவர் பேனா நிற்கவே இல்லை. "இதெல்லாம் சாதாரணமா நடக்கிறதுதானே" என்று பக்கத்தைத் திருப்பினார்.

வெளியே வந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. என் நாடகத்தில் பானைக்காரனை விசாரிக்கிற அதிகாரிக்கு இரும்பு முகமூடி, குகை மாதிரிக் குரல் எல்லாம் வைத்திருந்தேன். நிஜத்தில் வந்தவர் மூக்கடைத்துப்போய், "காபி சாப்பிடறீங்களா" என்று விசாரிக்கிற மனிதர். எப்படி அவரை வெறுப்பது?

எங்கள் ராஜா தி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தவர். ஆதம்பாக்கத்திலிருந்து வருவார். ஆறடி உயரம். "ஓரத்துல ஜரிகை பாருங்கம்மா" என்று அவர் சொன்னால் ஆணையிடுகிற மாதிரியே இருக்கும். நாடகத்தன்று மாலை கடையில் சீக்கிரம் விட மாட்டோம் என்றுவிட்டார்கள். அதனால் கடைப் பின்கட்டிலேயே வேஷம் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறியிருக்கிறார். தேனாம்பேட்டை முனையில் அண்ணா சாலையை மறித்தாகிவிட்டது. ஆட்டோ நின்றது.

மயிலாப்பூர் அரங்கில் நாங்கள் தவித்தோம். கூட்டமும் பாதிதான் வந்திருந்தது, மீதிப் பேர் அதே அண்ணா சாலையில் நின்றுகொண்டிருந்தார்கள். மாமா மேடைக்கும் வாசலுக்கும் நடந்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஆட்டோ வந்தது. முதலில் இறங்கியது டிரைவர்.

"யக்கா, உங்க ராஜாவ பத்திரமா இட்டாந்துட்டேன். தேனாம்பேட்டைல இன்னா கூத்து தெரியுமா?"

அவர் சொன்னது இது. மறித்து நின்ற கான்ஸ்டபிள் ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்திருக்கிறார்.

"யாருய்யா நீ?"

நம்மவர் பழக்கதோஷத்தில், "ராஜா" என்றிருக்கிறார்.

"தலைல இன்னாது?"

"கிரீடம் சார். அட்டைதான்."

"கழட்டு. பெரியவங்க போறப்ப இதெல்லாம் தலைல இருக்கக் கூடாது."

"நாடகம் சார் அது," என்று டிரைவர் சிபாரிசு செய்திருக்கிறார். "இவரு போலனா அங்க ஆட்டமே நின்னுபூடும். ஏதோ பாத்து உட்டுருங்க நைனா."

நைனா விடவில்லை. கார்கள் பறந்து முடியும்வரை ஏழு கடல் தாண்டிய சக்கரவர்த்தி கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தார்.

எழுதும்போது இப்படி ஒரு காட்சி எனக்குத் தோன்றியிருந்தால், ரொம்ப மிகை என்று நானே அடித்திருப்பேன்.

நாடகம் தொடங்கியது. ராஜா சிம்மாசனத்தில் அமர்ந்தார், முதல் வசனம் பேச வேண்டும். "மந்திரி, நகரில் அமைதி நிலவுகிறதா?" என்பது வசனம். அவர் வாயைத் திறந்தார். முகம் சிவந்திருந்தது.

"மந்திரி! என்னையே நிறுத்திட்டாங்கய்யா!"

அரங்கில் எழுந்த சிரிப்பை நான் வேறு எந்த நாடகத்திலும் கேட்டதில்லை. அண்ணா சாலையில் நின்றுவிட்டு வந்தவர்கள் நாற்காலியைத் தட்டினார்கள். ராஜா விடவில்லை, கிரீடம் கழற்றிய கதை முழுவதையும் மந்திரியிடம் முறையிட்டார். மந்திரியாக நடித்தவர் வசனமே இல்லாமல், "அடடா, அடடா" என்று சமாளித்தார். திரைக்குப் பின்னால் மாமா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

மூன்றாவது வரிசையில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் எங்கள் பிரதியோடு உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார்.

"ராஜா பேசினது எழுத்துல இல்லையே?"

"நெஜமா நடந்தது சார்," என்றார் மாமா.

"நடந்ததையெல்லாம் மேடைல சொல்லலாமா? எழுதிக் கொடுத்ததை மட்டுந்தான் சொல்லணும்." போகும்போது ராஜாவிடம், "நல்லா பண்ணீங்க" என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

எங்களைக் கைது செய்வார்கள் என்று நான் இரண்டு நாள் காத்திருந்தேன். மாற்றுப் புடவைகூட எடுத்து வைத்தேன். கைதானால் பேப்பரில் பெயர் வரும், அலுவலகத்தில் மதிப்பு ஏறும். யாரும் வரவில்லை. அடுத்த காட்சிக்கு அனுமதி கேட்டபோது இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பரிசீலனையில் இருக்கு" என்றார்கள். அது இன்னமும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

சில மாதம் கழித்து, பெசன்ட் நகரில் ஒரு குடியிருப்பின் பொங்கல் விழாவில் நாடகம் போடக் கேட்டார்கள். உள்ளே நடக்கிற விழா, போலீஸெல்லாம் வேண்டாம் என்றார் சங்கத் தலைவர். எனக்கு உற்சாகம், தும்மலைத் திரும்பவும் சேர்த்துவிடலாம் என்று பார்த்தேன். ஒத்திகையின்போது தலைவர் வந்தார்.

"ரோட்டை மறிக்கிற சீன் வேண்டாமே. எங்க தெருவுக்கு ரோடு சாங்ஷன் ஆகற நேரம்."

எடுத்தோம். பொருளாளர் வந்தார். அவருடைய மச்சான் கட் அவுட் வரைகிறவர். அதையும் எடுத்தோம். செயலாளருக்கு அரசு உத்தியோகம், ராஜாவை யாரும் திட்டாமல் இருந்தால் நிம்மதி என்றார். தும்மலை மாமாவே மறுத்துவிட்டார். "ஏற்கெனவே இருமலா ஒத்திகை பார்த்தாச்சு. விடும்மா, அவாளை எதுக்கு வம்புக்கு இழுக்கணும்?" அவாள் யார் என்று அவருக்கும் தெரியாது.

போலீஸ் அதிகாரி பாவம், ஊரையும் தும்மலையும்தான் தொட்டார். மற்றதையெல்லாம் போலீஸ் சொல்லாமலே நாங்களே வெட்டினோம். மிச்சம் இருந்தது இது: ஒருவன் ராஜாவின் முன்னால் இருமுகிறான், நல்ல ராஜா அவனுக்கு மருந்து கொடுக்கச் சொல்கிறார், சுபம். கடல் காற்றில் திரை படபடக்க, குழந்தைகள் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள்.

நாடகம் முடிந்ததும் பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல மெசேஜ்ம்மா. இருமல் வந்தா அலட்சியம் பண்ணாம டாக்டர்கிட்ட காட்டணும். இந்தக் காலத்துக்கு ரொம்பத் தேவை."

"ஆமாம் மாமி," என்றேன்.