உருளைக்கிழங்கு விட்ட மூச்சு

உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்கில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வக்கீலம்மாதான். நியாயம் என்று பட்டுவிட்டால் யாரோடும் மல்லுக்கு நிற்பாள். வேலை, சாக்கு தைப்பது. நாற்பது வயதுக்குமேல் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி, அறிவியலில் இரண்டு முறை கோட்டை விட்டவள். செல் சுவாசத்தின் சமன்பாடு அவளைப் பாடாய்ப் படுத்தியது. எப்போது எழுதினாலும் எங்காவது ஓர் ஆறு விட்டுப்போகும். சாக்கு தைத்துக்கொண்டே உருப்போட வசதியாக, எதிரில் இருந்த மூன்றாம் அறையின் இரும்புக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாள்:

C₆H₁₂O₆ + 6O₂ → 6CO₂ + 6H₂O + ஆற்றல்

அன்று காலை அந்த அறையிலிருந்து மூட்டைகளை எடுத்து லாரியில் ஏற்றவேண்டும். லாரி வாசலில் நின்றது. முதலில் உள்ளே போகவேண்டியவன், அங்கே சுமை தூக்கும் அவளுடைய கொழுந்தன். கதவில் கை வைத்தவளுக்குத் திக்கென்றது. எப்போதும் சில்லிட்டிருக்கும் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. இடுக்கில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"உள்ள விசிறி ஓடுதா?"

"நின்னு ஆறு நாளாச்சு அண்ணி. ரிப்பேருக்கு யாரும் வரல."

அம்புக்குறிக்கு வலப்பக்கம் மூன்று உண்டு. தண்ணீர் வந்துவிட்டது. ஆற்றல் சூடாக வந்துவிட்டது. அப்படியானால் கரியமிலவாயு? அது மட்டும் எங்கே போயிருக்கும், உள்ளேதான் இருக்கும். வக்கீலம்மா கதவை மறித்து நின்றுகொண்டாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "வழிய விடும்மா. கிழங்கு என்ன கடிக்கவா போகுது?"

"கிழங்கு மூச்சு விடுது சார். ஆறு நாளா நல்ல காத்தைத் தீத்துட்டு கெட்ட காத்தை ரொப்பி வச்சிருக்கு. உள்ள போற ஆளு சுருண்டு விழுந்துடுவான்."

"ரெண்டு தடவை ஃபெயிலானவ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

சுருக்கென்று தைத்தது. கண்கூடக் கலங்கியது. ஆனால் நகரவில்லை.

"ஃபெயிலானது நான் சார். அந்தச் சமன்பாடு இல்ல."

நீளக் கம்பின் நுனியில் மெழுகுவர்த்தியைக் கட்டி, கதவின் கீழே மூடிக் கிடந்த காற்றுத்துளையைத் திறந்து நீட்டினாள். ஒரு முழம் போவதற்குள் சுடர் அணைந்தது. மறுபடி கொளுத்தி நீட்டினாள், மறுபடி அணைந்தது. கொழுந்தன் கதவை விட்டு நாலடி தள்ளிப் போனான்.

எல்லாக் கதவுகளையும் விரியத் திறந்துபோட்டு, விசிறிகளை வைத்துச் சாயங்காலம்வரை காற்றை வெளியேற்றினார்கள். லாரி காலியாகத் திரும்பியது. முதலாளி கண்ணில் பட்டால் வம்பு என்று மேனேஜர் ஈரத்துணியால் சமன்பாட்டைத் துடைத்து எடுத்தார்.

"நாளையிலேர்ந்து நீ வரவேணாம்."

"வருவேன்."

வந்தாள். சுமை தூக்குபவர்கள் பதினொரு பேரும் அறைக்கு வெளியே அசையாமல் நின்றிருந்தார்கள். மேனேஜருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. கொழுந்தன் அவள் கையில் ஒரு முழு சாக்பீஸை வைத்தான்.

"நீங்க முதல்ல எழுதுங்க அண்ணி. மெழுகுவர்த்தியையும் விட்டுப் பாருங்க. அப்புறம்தான் நாங்க உள்ள போவோம்."

துடைத்த கதவில் பார்த்து எழுத எதுவும் மிச்சமில்லை. மேனேஜர் முன்னாலேயே அவள் கொட்டை கொட்டையாக எழுதினாள். ஓர் ஆறுகூட விட்டுப்போகவில்லை.