மூன்று சுழி தெரியாத கார்டு

“ரேஷன் கார்டைத் தவிர வேற எந்தக் கார்டையும் உங்க வீட்டுல பாத்திருக்க மாட்டீக. நீ கிராஃபிக்ஸ் கார்டுக்கு டேபிள் போடப் போறியாக்கும்?”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி என்னிடம் கேட்டது இது. முதல் பாதி உண்மைதான். ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரு கார்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல, நான் மூன்றாம் வகுப்புக்கு வரும்வரை வீட்டில் ஆள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள். எங்கள் வகையறாவில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்.

இப்போது எனக்கு மூன்று வருட அனுபவம். தேனியில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து கைவைத்த பெண்களில் என்னைவிட சீனியர் யாரும் இல்லை. அதனால் புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு அனுபவம் சொல்லும் தகுதி இருபத்து மூன்று வயதிலேயே வந்துவிட்டது.

1. பதினாறு கலர்

கிராஃபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் செருகும் ஒரு பலகை. திரையில் எத்தனை புள்ளி, எத்தனை நிறம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். எங்கள் கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று சி.ஜி.ஏ. என்கிற கலர் கார்டு. இன்னொன்று மோனோ கார்டு. அதில் கறுப்புத் திரையில் மஞ்சள் நிறம் மட்டும்தான் வரும்.

இரண்டையும் ஒப்பிட்டு, வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு பக்க டேபிள், அதாவது அட்டவணை, தயாரிக்கச் சொன்னார் முதலாளி. பிரஸ் வைத்திருக்கும் சாலமோன் அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகை வேலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார் என்று செய்தி வந்திருந்தது.

“இந்த ஆர்டர் வந்தா உனக்கு வேலை நிரந்தரம். வரலைன்னா நீ டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கே போயிரலாம்” என்றார். கடையில் ஆறு கலர் கார்டுகள் விற்காமல் கிடந்தன. எதை விற்க வேண்டும் என்பதை நானே புரிந்துகொள்ள வேண்டும்.

கேட்லாக்கை முழுதாகப் படித்தேன். அட்டையில் பெரிய எழுத்தில் ‘16 கலர்’. உள்ளே பொடி எழுத்தில், படம் வரையும்போது ஒரே நேரத்தில் நான்குதான் வரும் என்று இருந்தது. தமிழ் எழுத்தும் கம்ப்யூட்டருக்குப் படம்தான், புள்ளி புள்ளியாகத்தான் வரையும். புள்ளிக் கணக்கு அதற்கும் கீழே. கலர் கார்டில் அகலத்தில் 320, உயரத்தில் 200. மொத்தம் 64,000 புள்ளி. மோனோவில் அகலத்தில் 720, உயரத்தில் 348, மொத்தம் 2,50,560. ஏறக்குறைய நான்கு மடங்கு.

புள்ளி நான்கு மடங்கு இருந்தால் என்ன லாபம்? கேட்லாக்கில் அதற்குப் பதில் இல்லை. கிராஃப் தாளை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். பத்திரிகையின் ஒரு வரியில் நாற்பது எழுத்து என்று வைத்துக்கொண்டால், கலர் கார்டில் ஓர் எழுத்துக்கு எட்டுப் புள்ளி அகலம் கிடைக்கும். மோனோவில் பதினெட்டு. எட்டுக் கட்டத்தில் இரண்டு சுழி ‘ன’ சரியாக உட்கார்ந்தது. மூன்று சுழி ‘ண’வுக்குப் பத்துக் கட்டம் வேண்டியிருந்தது.

சந்தேகத்தோடு கலர் மெஷினில் அடித்துப் பார்த்தேன். தமிழ் சாஃப்ட்வேர் எழுதிய புண்ணியவான் பிரச்சினையை எளிதாகத் தீர்த்திருந்தார். இடம் போதாததால் ஒரு சுழியை எடுத்துவிட்டார்.

டேபிளில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: ‘மூன்று சுழி ண: கலரில் தெரியாது, மோனோவில் தெரியும்.’

முதலாளி சிவப்பு மையால் அதை அடித்தார். “இதெல்லாம் ஸ்பெசிஃபிகேஷன்லயே கிடையாதும்மா. அமெரிக்காக்காரன் போடாததை நீ போடுறியே!”

“அமெரிக்காவுல கல்யாணப் பத்திரிகை தமிழ்ல அடிக்க மாட்டாக சார்.”

“வாய் மட்டும் வெவரமா இருக்கு. டெமோவுல அந்த எழுத்து இல்லாத வரியா பாத்து அடி. ‘வருக வருக’ன்னு அடி, போதும்.”

2. அண்ணாச்சி பிரஸ்

இரண்டு மெஷின்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். மோனோவை எடுத்துவந்தது முதலாளியின் யோசனை. பக்கத்தில் அழுது வடிகிற ஒன்று இருந்தால் கலருக்கு இன்னும் களை கூடும் என்பது அவர் கணக்கு.

அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் மைக்கறை இல்லாமல் அச்சு எந்திரத்தின் பக்கத்தில் நிற்கத் தெரிந்தவர். “வாங்க, வாங்க. இங்கன உக்காருங்க. கலர் குடிக்கிறீகளா?” என்றார்.

“நாங்களே பதினாறு கலரோட வந்திருக்கோம் அண்ணாச்சி” என்றார் முதலாளி.

“பதினாறா? நம்ம பஜார்லயே நாலு கலர்தான் கெடைக்குது. ஆரஞ்சு, பன்னீர், லெமன், திராட்சை.”

கார்டிலும் நாலுதான் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு பன்னீர் சோடாவைக் குடித்தேன்.

திரையில் ரோஜா நிறத்தில் ‘வருக வருக’ வந்தது. பிரஸ்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அண்ணாச்சி தலையாட்டினார். முதலாளி ஆர்டர் புத்தகத்தை எடுத்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆத்தா, ஒரு பத்திரிகை வரி அடி பாப்போம்” என்றார் அண்ணாச்சி. மேசையில் கிடந்த கோம்பை ஊர்க் கல்யாணத்துப் பத்திரிகையை என் முன்னால் தள்ளினார். முதல் வரியிலேயே மணமகள்.

முதலாளி செருமினார். நான் அடித்தேன்.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். “ஏத்தா, படிச்ச புள்ளைதான நீயி? மனமகள்னு அடிச்சிருக்க. பொண்ணு வீட்டுக்காரவுக என்னைய உரிச்சிருவாக.”

நான் பதில் சொல்வதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். “புதுப் பொண்ணு அண்ணாச்சி. வீட்டுல பள்ளிக்கூடம் போனதே இவதான். ரெண்டு சுழி மூணு சுழி கொழப்பம் இருக்கத்தான செய்யும். மெஷின் மேல தப்பில்ல.”

பிரஸ்காரர்கள் சிரித்தார்கள். வேலை போனால் போகட்டும் என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் எனக்கு எழுத்துத் தெரியாது என்று ஒருவர் சொல்வதற்கு எந்த ஒத்திகையும் பார்த்திருக்கவில்லை. என் பெயரிலேயே மூன்று சுழி இருக்கிறது.

எழுந்து மோனோ மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். “அண்ணாச்சி, என் விரலைப் பாருங்க. அதே சாவியத்தான் அடிக்கிறேன்.”

மஞ்சளில் ‘மணமகள்’ வந்தது. அண்ணாச்சி திரைமேல் நகத்தை வைத்து எண்ணினார். “ஒண்ணு. ரெண்டு. மூணு.” திரும்பி முதலாளியைப் பார்த்தார். “ஏங்க, படிக்காதது பொண்ணா, கார்டா?”

பையிலிருந்து கிராஃப் தாளை எடுத்துக் காட்டினேன். அச்சுக்கு ஈய எழுத்துக் கோத்துப் பழகியவருக்கு எட்டும் பத்தும் ஒரு நொடியில் புரிந்தது.

அண்ணாச்சி மோனோவையே வாங்கினார்.

3. பிறகு

திரும்பும் வழியில் முதலாளி சின்னமனூரில் இறங்கி இன்னொரு வாடிக்கையாளரிடம், “தமிழுக்கு மோனோதாங்க. நான் அப்பவே சொன்னேன்” என்றார். அடுத்த வாரம் டேபிள் புதிதாக அச்சானது. கடைசி வரியில் மூன்று சுழி ண இருந்தது. ‘எங்கள் ஆராய்ச்சி’ என்று தலைப்பும் இருந்தது.

வேலை நிரந்தரமாவது மட்டும் ஒவ்வொரு மாதமும் ‘அடுத்த மாதம்’ ஆனது.

கலர் கார்டுகளையும் குறை சொல்ல முடியாது. ஆறும் ஒரு வீடியோ கேம் கடைக்குப் போயின. அங்கே கார் ஓடுகிறது, வெடிக்கிறது. எழுத்தை யாரும் படிப்பதில்லை. அந்த வேலைக்கு அது நல்ல கார்டு.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேட்லாக்கில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் நம் வாடிக்கையாளர் கேட்கப்போகும் கேள்வியை அங்கே எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். அவர் தினமும் அடிக்கப்போகும் ஒரு வரியை எடுத்து, நீங்களே அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது வி.ஜி.ஏ. என்கிற புது கார்டு வந்திருக்கிறது. 256 கலர் என்று முதலாளி புது கேட்லாக்கோடு வந்தார். முழுதாகப் படித்தேன். பொடி எழுத்து இதிலும் இருந்தது. அத்தனை கலரும் வேண்டுமென்றால் புள்ளி பழையபடி 320, 200.

அந்தக் கேட்லாக்கின் வெற்றுப் பின்னட்டையிலேயே டேபிளை எழுதி முடித்து, போன திங்கட்கிழமை அவர் மேசையில் வைத்தேன். அதன்மேல் என் ராஜினாமாக் கடிதம். அதன்மேல் சாலமோன் அண்ணாச்சி பிரஸ்ஸில் அடித்த ஒரு கார்டு. கிராஃபிக்ஸ் கார்டு அல்ல, ரேஷன் கார்டும் அல்ல. பெரியகுளம் ரோட்டில் சொந்தமாகக் கடை போட நான் பிடித்திருக்கும் மாடி அறையின் விலாசம் அதில் இருக்கிறது. விலாசத்துக்கு மேலே, ஓ. பாண்டியம்மாள்.

சுழியை எண்ணிவிட்டுத்தான் வைத்தேன்.