தோட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல்

அப்போது இரத்தினபுரியில், இணையத்தளம் செய்துகொடுக்கும் சின்ன நிறுவனமொன்றில் வேலை செய்தேன். ஒரு பயிற்சி நிலையத்தின் தளத்துக்கு நுழைவாயில் அமைப்பது என் பொறுப்பு. தளத்தில் புதிதாகக் கணக்குத் திறக்க வேண்டாம். கையிலுள்ள மின்னஞ்சல் கணக்கை வைத்தே உள்ளே போய் விண்ணப்பிக்கலாம். நானாகக் கையைத் தூக்கி வாங்கிய வேலை, மூன்று மாதத்தைத் தின்றது. ஒரு மின்னஞ்சல் நிறுவனத்துக்கு ஒரு நெறிமுறை, அடுத்ததற்கு வேறொன்று. ஒரு பிரவுசரில் பொத்தான் தெரியும், பழைய பிரவுசரில் வெறும் வெள்ளைப் பக்கம். ஒருவழியாக எல்லாவற்றிலும் ஓடியது.

விண்ணப்பம் முடியும் நாளன்று காலை, நிவித்திகலையிலிருந்து சித்தி மகள் போன் எடுத்தாள். உயர்தரப் பரீட்சை முடித்து இரண்டு வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கூடையை இறக்கி வைக்க அவளுக்கு இருந்த வழி அந்தப் பயிற்சி ஒன்றுதான்.

"அண்ணே, எங்க விண்ணப்பத்தக் காணோம். உள்ள போனா மேல் லயத்துப் பையன் பேருதான் வருது. நாலு மணிக்கு மூடிருவாங்கண்ணே."

பஸ் ஏறினேன். யுத்த காலம்; வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. அவர்கள் விண்ணப்பித்த போட்டோக் கொப்பிக் கடையில் ஒரே ஒரு கம்பியூட்டர்.

"ஒரே மெயில்தான் தம்பி," என்றார் முஸ்லிம் கடைக்காரர்; எல்லாருக்கும் அவர் நானா. "தோட்டத்துப் பேர்ல நான்தான் தொறந்து குடுத்தேன். கடிதமெல்லாம் ஆபிசுக்கு ஒரே பையிலதானே வருது?"

ஏழு பேர் அந்த ஒரு கணக்கில் விண்ணப்பித்திருந்தார்கள். என் நுழைவாயிலுக்கு ஏழு பேரும் ஒரே ஆள். ஒவ்வொருவரும் முந்தியவரை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியாகப் போட்ட மேல் லயத்துப் பையனுடையது மட்டும் மிஞ்சியது. நானாவை என்ன குறை சொல்ல? நானும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன், எங்கள் வீட்டுக்கும் தோட்டத்து ஆபிஸ்தான் விலாசம். பிரவுசர்களை எண்ணினேனே தவிர, இதை நினைக்கவில்லை.

அழிந்துபோன மற்ற ஐந்து பேரையும் அவளே கூட்டி வந்திருந்தாள்.

"கம்பியூட்டர் படிச்ச அண்ணேன்னு லயம் பூரா சொல்லி வச்சிருக்கேன். மானத்த வாங்கிறாதீங்க."

ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறந்தேன். தளத்திலிருந்து வெளியேறினால் போதாது, மின்னஞ்சலிலிருந்தும் வெளியேற வேண்டும். மறந்தால் அடுத்தவர் முந்தியவராகவே உள்ளே போய்விடுவார். ஒரு தடவை மறந்தேன். திரும்ப முதலிலிருந்து. தொலைபேசி வழி இணைப்பு இரண்டு முறை அறுந்தது. அவள் கடைசி ஆளாக நின்றாள். முன்னால் வா என்றால் கேட்கவில்லை.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளுடையது போய்ச் சேர்ந்தது. கடவுச்சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். வாங்கி, அப்படியே நானாவிடம் நீட்டினாள்.

"லயத்துல எங்கண்ணே வைக்கிறது? கூரை ஒழுகுது. இங்கயே இருக்கட்டும்."

மற்ற ஐந்து துண்டுகளும் ஏற்கனவே அவர் மேசை லாச்சியில் இருந்தன. யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு நானாவின் பக்கம் திரும்பினேன்.

"பதில் வந்தா அவகிட்ட மட்டும் சொல்லுங்க நானா."

லாச்சியை மூடினார். "நான் என்ன கங்காணியா தம்பி, லயம் பூரா கூவிச் சொல்ல?"