சிலாப்புக்கு அடியில் வலது கை

தரையில் இறங்கிப்போன கான்கிரீட் சிலாப்பைத் தூக்கி மட்டம் பண்ணும் தொழிலில் பாரத்தை ஜாக்கி பார்த்துக்கொள்ளும். பயப்படுவதற்குத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

எண்பதுகளில் மதுரை கே.கே. நகரில் புதிது புதிதாக வீடுகள் எழும்பின. அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்காமல் அவசரத்தில் கான்கிரீட் கொட்டிவிடுவார்கள். ஒரு மழைக்கே மூலை உள்ளே போய்விடும். சிம்மக்கல் காசிம் பாய் லாரி ஜாக்கியைச் சுற்றித் தூக்குவார். கொத்தனாரான நான் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு, ஜல்லியும் கலவையும் திணிக்க வேண்டும். கரண்டி பிடிக்கிற வலது கை. அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பயந்துகொண்டே பிழைப்பு நடத்தியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதல் நாள்

துணி துவைக்கிற இடத்து சிலாப். ஓரத்தில் குழி தோண்டி, ஜாக்கியை வைத்து, பாய் நாலு விரல்கடை தூக்கிவிட்டார். நான் கையை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தேன். உள்ளே ஒரே இருட்டு. ஜாக்கி வேறு முனகியது. "பாய், இது நிக்குமா?" என்று கேட்டேன். அவர் ஜாக்கியைத் தட்டிக்கொடுத்தார்.

"லோடு லாரியவே தாங்குனதுண்ணே. வழுக்கிருச்சுன்னா எனக்கும் வருத்தமாத்தான் இருக்கும்."

டம்ளர் மட்டம்

ஒரு வங்கி அதிகாரிக்கு, நான் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தில் நம்பிக்கை இல்லை. முழங்கை வரை நான் உள்ளே விட்டிருந்த நேரம், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரோடு வந்து சிலாப்பின் மேலேயே ஏறிவிட்டார். கனத்த உடம்பு. மேலிருந்து மண் பொலபொலவென்று என் கையில் உதிர்ந்தது. "சார், இறங்குங்க சார்! கை உள்ள இருக்கு!" என்று அலறினேன். அவர் டம்ளரை நடுவில் வைத்து, குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கத்தாதய்யா, தண்ணி ஆடுது."

உசிலம்பட்டியில்

மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சிலாப். உள்ளே விட்ட கையில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டது. பட்டதோடு இல்லாமல் நகர்ந்தது. கையை உருவிக்கொண்டு தொழுவம் வரை ஓடினேன். வீட்டுக்காரர் குச்சியை விட்டுக் குடைந்தார். வெளியே வந்தது ஒரு தவளை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் என் முதுகைத் தடவிவிட்டார்.

"தவளைதாண்ணே, பயப்படாதீக. இதைப் பிடிக்கத்தான் பாம்பு தினம் வருது."

வெள்ளிக்கிழமை

கே.கே. நகரில் ஒரு டீச்சர் வீட்டு முன்வாசல் சிலாப். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அவசரத்தில், ஜாக்கிக்குத் துணையாக எப்போதும் வைக்கிற கருங்கல்லை வைக்க மறந்தோம். ஈர மண்ணில் ஜாக்கி சாய்ந்தது. சிலாப் இறங்கியது.

நான் அப்போதுதான் தள்ளியிருந்த செங்கல் மேல் அது நின்றது. கை நசுங்கவில்லை. ஆனால் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது. செங்கல் விரிசல் விடும் சத்தம் காதில் கேட்டது. பாய் இன்னொரு ஜாக்கியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ராகுகாலம் பொறந்துருச்சே. இப்பப் போயி தூக்கணுமா? பன்னெண்டு வரைக்கும் பொறுத்துக்கங்க, மோரு தாரேன்" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிலையிலும் நான் ஒரு கணம் யோசித்தேன். ராகுகாலத்தில் எதையும் தொட்டுப் பழக்கமில்லாதவன். பாய் என் முகத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். ஜாக்கியைச் செருகிச் சுற்ற ஆரம்பித்தார். கை வெளியே வந்தது. செங்கல் இரண்டாகப் பிளந்தது. அப்புறம்தான் பாய் டீச்சருக்குப் பதில் சொன்னார்:

"ராகுகாலம் உங்க ரெண்டு பேருக்குந்தாம்மா. ஜாக்கி என்னுது."

இந்தக் கை இன்றைக்கும் என்னோடு இருப்பது காசிம் பாய் ராகுகாலம் பார்க்காததால்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் நான் ஒரு வேலையும் தொடங்குவதில்லை.